சூடான குழம்பும் பிளாஸ்டிக் பையும்: உடம்பு எடை ஏறுவதில் அதற்கு எவ்வளவு பங்கு?

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஐந்தாம் மாதம். ஐந்து ஆண்டுகளில் அவருக்கும் கணவருக்கும் ஆளுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் ஏறிவிட்டது. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வாரத்தில் ஐந்து நாள் தாப்பாவ்தான், அதாவது கடையில் கட்டி வாங்கிவரும் சாப்பாடு. குழம்பு, ரசம், தே தாரேக் எல்லாமே பிளாஸ்டிக் பையில் கட்டித்தான் வீட்டுக்கு வருகின்றன. பிளாஸ்டிக்கில் உள்ள ரசாயனம்தான் மனிதரைக் குண்டாக்குகிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்திருக்கிறது. மாமியார் கொடுத்த பழைய டப்பாக்கள் உட்பட வீட்டிலுள்ள பிளாஸ்டிக் அத்தனையையும் தூக்கிப் போட்டால் எடை குறையுமா என்பது அவர் கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஏறிய எடைக்குப் பிளாஸ்டிக் காரணமா என்பது ஒன்று. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக இப்போது எதை மாற்ற வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: டப்பாவைத் தூக்கிப் போட்டால் எடை குறையாது, அப்படிக் குறைந்ததாகக் காட்டிய மனித ஆய்வை நான் பார்த்ததில்லை. ஆனால் காணொளி சொல்வது முழுப் பொய்யும் அல்ல. இரண்டாவது கேள்விக்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதில் பெரும்பாலானவற்றுக்குச் செலவும் இல்லை. பொட்டலப் பொருளில் இருந்து உணவுக்குள் எது, எவ்வளவு இறங்குகிறது என்று ஆய்வகத்தில் அளப்பது என் தொழில். அந்தப் பகுதியை உறுதியாகச் சொல்ல முடியும். உடல் பருமன் பற்றிய பகுதியை ஆய்வுகளைப் படித்துச் சொல்கிறேன். உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்ல மருத்துவர்தான் வேண்டும். பேறுகாலச் சோதனைக்குப் போகும் கிளினிக்கில் சர்க்கரை, தைராய்டு இரண்டையும் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உறுதியான பகுதியில் தொடங்குகிறேன். பிளாஸ்டிக்கில் இருந்து உணவுக்குள் பொருள்கள் இறங்குகின்றன. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் உங்கள் அலமாரியைத் திறந்து, மீன் குழம்பு வைத்து வைத்து மஞ்சளாகிப்போன டப்பாவை எடுத்துப் பாருங்கள். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது, ஏனென்றால் அது மேலே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் கரையும். சூட்டில் பிளாஸ்டிக் சற்று இளகும்போது அந்த எண்ணெயோடு உள்ளே புகுந்து தங்கிவிடுகிறது. குழம்பில் இருந்து பிளாஸ்டிக்குக்குள் போக வழி இருக்கிறது என்றால், பிளாஸ்டிக்கில் இருந்து குழம்புக்குள் வரவும் அதே வழிதான். வெறும் தண்ணீர் வைத்த டப்பாவில் கறை பிடிப்பதில்லை, ஆறிய மோர் வைத்ததிலும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

இறங்கும் அளவை நிர்ணயிப்பவை சூடு, எண்ணெய், புளிப்பு, எவ்வளவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது, பாத்திரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது. ஆய்வகத்தில் சோதிப்பதும் இதே கணக்கில்தான். ஐரோப்பிய விதிமுறைப்படி, புளித்த உணவுக்குப் பதிலாக 3 விழுக்காடு அசிட்டிக் அமிலம், எண்ணெய் உணவுக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் ஊற்றி, நாள்கணக்கில் வைத்திருக்கும் பொருளுக்கு 40 டிகிரியில் 10 நாள், சூடாக நிரப்பும் பொருளுக்கு 70 டிகிரியில் 2 மணி நேரம் வைப்பார்கள். ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பில் இருந்து மொத்தமாக 10 மில்லிகிராமுக்கு மேல் இறங்கக் கூடாது. இப்போது நம் ஊர்த் தாப்பாவைப் பாருங்கள். அடுப்பில் இருந்து இறக்கிய ஆட்டுக்கறிக் குழம்பு, மேலே விரல் தடிமனுக்கு எண்ணெய், புளியும் தக்காளியும் சேர்ந்தது. மெல்லிய பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டு, மோட்டார் சைக்கிள் கூடையில் அரை மணி நேரம், வீட்டுக்கு வந்து மேசையில் இன்னொரு மணி நேரம். பை சிறியது என்பதால் குழம்பின் அளவோடு ஒப்பிட்டால் அதைத் தொடும் பிளாஸ்டிக் பரப்பும் அதிகம். சோதனைக் குழாயில் நாங்கள் வேண்டுமென்றே உண்டாக்கும் கடுமையான நிலைமை இங்கே தானாகவே அமைந்துவிடுகிறது.

ஆனால் எந்தப் பிளாஸ்டிக்கில் எது இருக்கிறது என்பதில்தான் மக்கள் பயப்படும் இடம் தவறிப்போகிறது. காணொளிகளில் அதிகம் அடிபடும் பிபிஏ, அதாவது பிஸ்பீனால் ஏ, குழம்புப் பையில் இருப்பது இல்லை. அந்தப் பைகள் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன்; அவற்றைச் செய்யப் பிபிஏ தேவையே இல்லை. கடையில் வாங்கும் மினரல் வாட்டர் போத்தலும் அப்படித்தான், அது பெட் (PET) என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். பிபிஏ இருக்கும் இடங்கள் வேறு: கண்ணாடிபோல் கெட்டியாக, தெளிவாக இருக்கும் பாலிகார்பனேட் போத்தல்கள், உணவு டின்களின் உள்பூச்சு, கடை ரசீதுத் தாள். தாலேட் எனப்படும் இளக்கிகள் பெரும்பாலும் மெத்தென்ற பிவிசியில் இருக்கும்: குழாய்கள், சில வகைக் கையுறைகள், சில வகை ஒட்டும் உறைகள். உணவு ஆலையில் எண்ணெயும் பாலும் ஓடும் குழாயிலேயே தாலேட் சேர்ந்துவிடலாம், பிறகு அந்த உணவைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து விற்றாலும் அது உள்ளேயேதான் இருக்கும். அதனால் பொட்டலத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதேபோல், கோலாலம்பூரில் 2017 செப்டம்பரில் பாலிஸ்டைரீன் உணவுப் பெட்டிகளைத் தடை செய்தது முதன்மையாகக் குப்பைப் பிரச்சினைக்காக. அதற்குப் பதிலாக வந்த பெட்டிகள் உடம்புக்கு நல்லவை என்று அதற்குப் பொருள் இல்லை.

இனி எடைக்கு வருவோம். உடம்பில் கொழுப்புச் சேர்வதை ஒரு ரசாயனம் தூண்ட முடியுமா? முடியும், இதிலும் சந்தேகம் இல்லை. நீரிழிவுக்குக் கொடுக்கப்பட்ட ரோசிகிளிட்டசோன் என்ற மருந்தே சான்று. புதிய கொழுப்புச் செல்களை உருவாக்கும் ஒரு பொத்தான் நம் செல்களுக்குள் இருக்கிறது, அதன் பெயர் பிபிஏஆர் காமா (PPAR-gamma). அந்த மருந்து வேலை செய்வதே அந்தப் பொத்தானை அமுக்கித்தான். எடை ஏறுவது அதன் தெரிந்த பக்கவிளைவு. கப்பல்களின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கப் பூசிய டிரைபியூட்டைல்டின் என்ற பொருளும் இதே பொத்தானை அமுக்குகிறது என்று கலிபோர்னியாவில் புரூஸ் புளூம்பெர்க்கின் ஆய்வகம் 2006-ல் காட்டியது. கருவுற்ற எலிக்கு அதைக் கொடுத்தபோது, பிறந்த குட்டிகளின் உடம்பில் கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தது. கொழுப்பைக் கூட்டும் பொருள்களுக்கு ஒபிசோஜென் என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

பிளாஸ்டிக்கையே நேராக எடுத்து ஆராய்ந்தது 2022-ல் நார்வேயில் வெளியான ஆய்வு. தயிர்க் கிண்ணம், பான போத்தல், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் என்று அன்றாடம் புழங்கும் 34 பொருள்களில் இருந்து ரசாயனங்களைப் பிரித்தெடுத்தார்கள். 55,000-க்கும் மேற்பட்ட ரசாயனத் தடயங்கள் தெரிந்தன. அவற்றில் பெயர் கண்டுபிடிக்க முடிந்தவை 629, வளர்சிதை மாற்றத்தைக் குலைப்பவை என்று ஏற்கெனவே தெரிந்தவை 11. பிரித்தெடுத்ததை எலியின் செல்களில் விட்டபோது, 34 பொருள்களில் 11 அவற்றைக் கொழுப்புச் செல்களாக மாற்றின. இந்தத் துறையில் என்னை மிகவும் யோசிக்க வைத்த ஆய்வு இது. ஏனென்றால் அந்த வேலையைச் செய்தவை பெரும்பாலும் பிபிஏவும் தாலேட்டும் அல்ல, இன்னும் அடையாளம் காணாத வேறு பொருள்களாக இருக்கலாம் என்றே தெரிகிறது. ஆகவே ‘பிபிஏ இல்லாதது’ என்று டப்பாவில் ஒட்டியிருந்தால் பிபிஏ இல்லை என்று மட்டும்தான் பொருள். பல இடங்களில் அதற்குப் பதிலாக அதன் உறவுக்காரரான பிஸ்பீனால் எஸ் போன்றவை வந்து உட்கார்ந்திருக்கின்றன. அதே சமயம், அந்த ஆய்வில் பொருள்களை மெத்தனால் என்ற கரைப்பானில் ஊறவைத்துத்தான் ரசாயனங்களைப் பிரித்தார்கள். நாம் மெத்தனாலைச் சாப்பிடுவதில்லை. ரசமும் குழம்பும் அவ்வளவையும் இழுத்துவிடாது. செல்லில் நடந்தது முழு மனிதரில் அப்படியே நடக்கும் என்பதும் இல்லை.

மனிதர்களிடம் வரும்போது சான்று மெலிகிறது. 2012-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு 6 முதல் 19 வயது வரையிலான 2,838 பேரைப் பார்த்தது. சிறுநீரில் பிபிஏ மிகக் குறைவாக இருந்த கால்பங்குப் பிள்ளைகளில் 10.3 விழுக்காட்டினர் பருமனானவர்கள். மிக அதிகமாக இருந்த கால்பங்கில் 22.3 விழுக்காடு. கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும், காணொளிகள் எல்லாம் இந்த எண்ணைத்தான் தூக்கிப் பிடிக்கின்றன. ஆனால் சிறுநீரும் எடையும் ஒரே நேரத்தில் அளக்கப்பட்டவை. பிபிஏ உடம்பில் தங்குவது சில மணி நேரம்தான், ஒரு நாளுக்குள் ஏறக்குறைய முழுவதும் சிறுநீரில் வெளியேறிவிடும். ஆகவே அந்த அளவு காட்டுவது பத்து ஆண்டு வாழ்க்கையை அல்ல, நேற்றைய சாப்பாட்டை. டின் உணவும் பாக்கெட் உணவும் அதிகம் சாப்பிடும் பிள்ளைக்குப் பிபிஏவும் அதிகம் இருக்கும், எடையும் அதிகம் இருக்கும். எது எதனால் வந்தது என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது, அதை எழுதியவர்களும் அப்படிச் சொல்லவில்லை.

இதைவிட வலுவான மனிதச் சான்று ஒன்று பிஃபாஸ் வகையில் இருக்கிறது, ஒட்டாத பூச்சுகளிலும் எண்ணெய் ஊறாத சில தாள்களிலும் வருபவை. இவை ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் தங்குபவை, அதனால் முன்பே அளந்துவிட்டுப் பின்னால் என்ன ஆகிறது என்று பார்க்க முடியும். எடை குறைப்பு ஆய்வு ஒன்றில் சேர்ந்த 621 பேரின் இரத்தத்தைச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் பிஃபாஸ் அதிகமாக இருந்த பெண்கள், குறைவாக இருந்தவர்களைவிட, குறைத்த எடையில் சுமார் 2 கிலோ கூடுதலாகத் திரும்பப் பெற்றார்கள். இதுவும் தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணம் இதுதான் என்று முடித்துவைக்கவில்லை.

நிபுணர்களே ஒரு கட்சியாக இல்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பிபிஏவுக்கான தினசரி வரம்பை ஒரு கிலோ உடல் எடைக்கு 4 மைக்ரோகிராமில் இருந்து 0.2 நானோகிராமுக்கு இறக்கியது, அதாவது 20,000 மடங்கு குறைத்தது. ஆனால் அதற்குக் காரணம் நோய் எதிர்ப்புச் செல்களில் கண்ட மாற்றம், உடல் பருமன் அல்ல. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதே தரவுகளைப் பார்த்து அதைவிட ஆயிரம் மடங்கு தளர்வான வரம்பைச் சொன்னது. அமெரிக்காவில் எலிகளில் நடத்திய பெரிய ஆய்வு 2018-ல் முடிந்தபோது, குறைந்த அளவுகளில் விளைவு மிகச் சொற்பம் என்றே அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அதைப் படித்தது. நம் நாட்டில் 2012 மார்ச் முதல் குழந்தைகளின் பால் போத்தலில் பிபிஏ தடை செய்யப்பட்டிருக்கிறது.

இனி உங்கள் இருவரின் எடைக் கணக்கு. மலேசியாவில் 2023-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடை அல்லது பருமன் கொண்டவர்கள். இது உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த குறை அல்ல. பையை விட்டுவிட்டுப் பைக்குள் இருப்பதைப் பாருங்கள். ‘இக்காட் தெப்பி’ என்று சொல்லி ரஃபியா கயிற்றில் தொங்கவிட்டு வாங்கி வரும் ஒரு பை தே தாரேக்கில் இரண்டு மேசைக்கரண்டி இனிப்புப் பால் போகிறது. ஏறக்குறைய 40 கிராம். அதில் சர்க்கரை மட்டும் 20 கிராமுக்கு மேல், சக்தி சுமார் 130 கலோரி. காலையில் பசியாறும்போது ஒன்று, வேலையிடத்தில் ஒன்று, இரவில் ஒன்று என்றால் 390. ரொட்டி சானாய் ஒன்று ஏறக்குறைய 300. அமெரிக்காவில் கெவின் ஹால் குழு 2019-ல் 20 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்துப் பார்த்தது. வேண்டிய அளவு சாப்பிட விட்டபோது, பதப்படுத்திய உணவில் நாளுக்கு 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, இரண்டே வாரத்தில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடை ஏறியது. பிளாஸ்டிக்கைப் பற்றிய எந்த மனித ஆய்வும் இவ்வளவு தெளிவான முடிவைத் தந்ததில்லை. எடை குறைய வேண்டும் என்பது நோக்கமாக இருந்தால், உங்கள் கணவர் தே தாரேக்கைத் ‘தே ஓ கோசோங்’ (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) ஆக்குவது வீட்டிலுள்ள எல்லா டப்பாவையும் எறிவதைவிடப் பலன் தரும். நீங்கள் கர்ப்பமாக இருக்கும்போது எடை குறைக்க முயல வேண்டாம்.

அப்படியானால் பிளாஸ்டிக்கை ஏன் பொருட்படுத்த வேண்டும்? வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக. எந்தச் செல் எலும்பாக வேண்டும், எது கொழுப்பாக வேண்டும் என்று உடம்பு பிரித்துக்கொள்ளும் காலம் கருவறையும் முதல் இரண்டு ஆண்டுகளும். எலி ஆய்வுகளில் விளைவு பெரிதாகத் தெரிவது அந்தக் கட்டத்தில்தான். மனிதரிலும் ஒன்று நன்றாகவே தெரியும்: தாய் கர்ப்ப காலத்தில் புகைபிடித்தால், பிள்ளை பிற்பாடு பருமனாவதற்கான வாய்ப்பு கூடுகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் ஒரே குரலில் சொல்கின்றன. கருவில் பட்ட ரசாயனம் பின்னாளில் எடையைத் தொடும் என்பதற்கு மனிதரில் நமக்குக் கிடைத்த மிக வலுவான சான்று இதுதான். வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார் என்றால் எந்த டப்பாவுக்கும் முன்னால் அதை நிறுத்துங்கள்.

செய்ய வேண்டியதைப் பலன் அதிகமுள்ளதில் இருந்து சொல்கிறேன். முதலில் சூடும் எண்ணெயும் சேர்ந்தவை. எவர்சில்வர் டிஃபன் கேரியர் ஒன்றைக் காடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குழம்பு, சம்பல், பொரியல் மூன்றும் அதில் வந்தால் போதும்; சோறு வாழையிலையிலோ தாளிலோ வந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, அதில் எண்ணெய் குறைவு. “அண்ணே, கொழம்ப மட்டும் இதுல ஊத்திக் குடுங்க” என்றால் பெரும்பாலான கடைகளில் மறுப்பதில்லை. பாத்திரம் கொண்டுபோக மறந்த நாளில், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பையை அவிழ்த்துப் பீங்கானிலோ எவர்சில்வரிலோ ஊற்றிவிடுங்கள். மிச்சத்தைப் பையோடு குளிர்பெட்டியில் வைப்பதும், பெட்டியோடு மைக்ரோவேவில் சுட வைப்பதும் வேண்டாம். ‘மைக்ரோவேவுக்கு ஏற்றது’ என்று டப்பாவில் எழுதியிருந்தால் அது உருகாது, வளையாது என்றுதான் பெரும்பாலும் பொருள். சூடான பானத்துக்கு மூடி போட்ட எவர்சில்வர் குவளை ஒன்று போதும்.

அடுத்தது டின். ஹார்வர்டில் 2011-ல் 75 பேருக்கு ஐந்து நாள் தினம் ஒரு கிண்ணம் டின் சூப்பும், வேறொரு ஐந்து நாள் புதிதாகச் சமைத்த சூப்பும் கொடுத்தார்கள். டின் சூப் குடித்த நாள்களில் சிறுநீரில் பிபிஏ பத்து மடங்குக்கு மேல் கூடியது. நம் வீடுகளில் இதற்கு நிகர் சார்டின் டின். டின்னுக்குள் அடைத்த பிறகுதான் அதைக் கொதிக்க வைக்கிறார்கள், தக்காளிச் சாறும் மீன் எண்ணெயும் உள்பூச்சோடு மாதக்கணக்கில் ஊறுகின்றன; திறந்து கழுவுவதால் பயன் இல்லை. கர்ப்ப காலத்தில் சார்டின் சம்பலுக்குப் பதில் கெம்போங் மீன் வாங்கிச் செய்யுங்கள், அதே மீன் எண்ணெய்ச் சத்து கிடைக்கும். அலுவலகத்தில் குடிப்பது வாட்டர் கூலரில் கவிழ்க்கும் 19 லிட்டர் போத்தல் தண்ணீர் என்றால், அதன் அடியில் முக்கோணத்துக்குள் 7 என்ற எண்ணோ பிசி (PC) என்ற எழுத்தோ இருக்கிறதா பாருங்கள். பிசி என்று இருந்தால் அது பாலிகார்பனேட்; 7 மட்டும் இருந்தால் பாலிகார்பனேட்டாக இருக்கலாம். வெயிலில் அடுக்கிவைத்ததும் கீறல் விழுந்து மங்கியதும் வேண்டாம்.

அதற்காக இதையே நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். சியாட்டலில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பத்துக் குடும்பங்களில் பாதிக்குப் பிளாஸ்டிக் தொடாமல் சமைத்த உணவைக் கொடுத்துத் தாலேட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க நினைத்தார்கள். இறங்கவில்லை, பல மடங்கு ஏறியது. தேடிப் பார்த்தால் சமையலில் சேர்த்த மல்லித்தூளில் டிஇஎச்பி என்ற தாலேட் கிராமுக்கு 21,400 நானோகிராம் இருந்தது. நம் சமையலில் மல்லித்தூள் விழாத நாள் உண்டா? அது ஓர் ஊரில் வாங்கிய ஒரு தூள். எல்லா மல்லித்தூளும் அப்படி என்று சொல்ல மாட்டேன். முழு மல்லியாக வாங்கிக் கழுவிக் காயவைத்து அரைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால் அதை விடாதீர்கள். சிறுநீரில் பிபிஏ பார்க்கும் சோதனைக்கும், ‘பிளாஸ்டிக் நச்சை வெளியேற்றும்’ பானங்களுக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஒரு நாளில் தானாக வெளியேறுவதை வெளியேற்ற மருந்து தேவையில்லை.

பிள்ளை பிறந்த பிறகு தாய்ப்பால்தான் முதல் தெரிவு. மாவுப்பால் கொடுக்க நேர்ந்தால், கிருமிக்காக 70 டிகிரிக்குக் குறையாத தண்ணீரில் கலக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் சமரசம் கூடாது. ஆனால் அந்தச் சூட்டில் பாலிபுரோப்பிலீன் போத்தல் லிட்டருக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட நுண்துகள்களை உதிர்க்கலாம் என்று டப்ளினில் 2020-ல் அளந்தார்கள். இதற்கும் எடைக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றாலும், தவிர்ப்பது எளிது. கொதித்த தண்ணீரை அரை மணி நேரத்துக்குள், கிருமி நீக்கிய கண்ணாடி அல்லது எவர்சில்வர் குவளையில் ஊற்றி, மாவைப் போட்டுக் கலக்குங்கள். குவளையைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி, மணிக்கட்டில் விட்டால் சுடாத பதம் வந்த பிறகு போத்தலில் ஊற்றுங்கள். போத்தலை ஆவியில் வைத்து எடுத்த பின், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் மூன்று முறை அலசிக்கொள்ளுங்கள். கண்ணாடிப் போத்தல் கிடைத்தால் இந்தக் கவலையும் இல்லை.

மாமியார் கொடுத்த டப்பாக்களை எறிய வேண்டாம், அவர் மனமும் புண்படும். மங்கிய வெள்ளையாக, அமுக்கினால் சற்று நெளிவதாக இருப்பவை பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். அரிசி, பருப்பு, முறுக்கு, உரித்த வெங்காயம் வைக்க அவை தாராளமாகப் போதும். கண்ணாடிபோல் தெளிவாகவும் கெட்டியாகவும் இருந்து, உள்ளே வலைபோல் விரிசல் ஓடியிருப்பவற்றைத் தனியே எடுத்து ஊசி, நூல், பொத்தான் போட்டு வையுங்கள். மஞ்சள் கறை பிடித்ததில் இனிச் சூடான குழம்பு மட்டும் ஊற்ற வேண்டாம்.